கண்ணைத் தொடாமல் அளக்கும் காற்று

உடம்பின் மற்ற உறுப்புகளை வைத்தியரிடம் ஒப்படைக்க நாம் எப்படியோ மனதைத் தேற்றிக்கொள்கிறோம். ஊசி போடக் கையை நீட்டுகிறோம். பல் பிடுங்க வாயைத் திறக்கிறோம். வயிற்றில் சத்திரசிகிச்சை என்றாலும் நல்ல நாள் பார்த்துச் சம்மதம் சொல்லிவிடுகிறோம். கண் என்று வந்தவுடன் மட்டும் அந்தத் துணிவு எங்கோ போய்விடுகிறது. கண்ணில் தூசி விழுந்து துடிக்கும்போதுகூட, ஊதிவிட வருபவரின் கையைத் தட்டிவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கோ, கொழும்பின் கண் கிளினிக்குகளுக்கோ போய்வந்த பலருக்கு ஓர் இயந்திரம் நன்கு அறிமுகமாகியிருக்கும். அதன் முன்னால் கதிரையில் அமர்ந்து, நாடியை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு சிறு வெளிச்சம் தெரியும். "அதையே பாருங்கோ, கண்ணை மூடாதேங்கோ" என்பார்கள். ஓரிரு விநாடி ஒன்றும் நடவாது. பிறகு 'டப்' என்று கண்ணுக்குள் ஒரு காற்று! தலை தானாகப் பின்னால் போய்விடும். நோவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மற்றக் கண்ணுக்கு முறை வரும்போது, கைகள் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"எழுத்தெல்லாம் எத்தனை தரமெண்டாலும் வாசிக்கிறன் பிள்ளை, அந்தக் காத்தடிக்கிறதை மட்டும் விட்டிடுங்கோ" என்று கெஞ்சும் மூத்தவர்கள் உண்டு. அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயந்தான். ஆனால் அந்தக் காற்றுக்குப் பயந்து அடுத்த தவணைக்கு வராமலே இருந்துவிடுகிறவர்களை நினைக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. ஏனெனில் அந்தக் காற்று தேடுவது, ஓசையின்றி வந்து பார்வையைக் கொண்டுபோகும் ஒரு நோயை.

இந்தக் காற்று எங்கிருந்து வந்தது, நேயர்களே? யாருடைய மூளையில் உதித்தது? இதன் வரலாற்றைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கையான உண்மை தெரிகிறது. நாம் அஞ்சும் இந்தக் காற்று, கண்ணைத் தொடுவதற்கு மனிதன் கொண்டிருந்த பழைய அச்சத்துக்கு மாற்றாகக் கண்டறியப்பட்ட ஒன்று.

கண்ணைப் பற்றிய அச்சமும் பக்தியும் நம்மிடையே ஒன்றாகவே வளர்ந்தவை. இறைவனின் கண்ணில் குருதி வடியக் கண்டு, அம்பினால் தன் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பரை நாம் நாயன்மாராக வைத்து வணங்குகிறோம். வேறு எந்த உறுப்பைக் கொடுத்திருந்தாலும் அந்தக் கதை நம்மை இவ்வளவு உலுக்கியிராது. கண்ணோய் தீர்ந்தால் அம்மன் கோயிலுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவது நம்மவர் வழக்கம். கொட்டாஞ்சேனையில் வானளாவி நிற்கும் பேராலயம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். புனித லூசியாள், கண்ணோயாளரின் காவலியாகக் கத்தோலிக்க மக்கள் போற்றும் புனிதை. ஒரு தட்டில் இரு கண்களை ஏந்தியபடி அவரைச் சித்திரிப்பது மேலைத்தேய ஓவியர்களின் மரபு. அவருடைய திருநாள் டிசெம்பர் 13. சைவரும் கத்தோலிக்கரும் அயலவராக வாழும் கொட்டாஞ்சேனையில், இரு சாராரும் கண்ணுக்காக மன்றாடத் தனித்தனி வழிகளை வைத்திருந்திருக்கிறார்கள்.

வைத்தியர்களும் வாளாவிருக்கவில்லை. நமது சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என்று கணக்கிட்டது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் பனிஸ்டர் என்பவர் 1622 இல் வெளியிட்ட நூல் நூற்றுப் பதின்மூன்று கண்ணோய்களைப் பேசியது. எண்ணிக்கையில் இருவரும் அதிகம் விலகவில்லை! இந்தப் பனிஸ்டர்தான், பார்வை போன சில கண்களைத் தொட்டுப் பார்த்தால் அவை வழமைக்கு மாறாகக் கடினமாக இருக்கின்றன என்றும், அப்படிப்பட்ட கண்களில் சத்திரசிகிச்சை பயன் தராது என்றும் எழுதி வைத்தவர்.

கண் ஏன் கடினமாக வேண்டும்? கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. இது நாம் அழும்போது வரும் கண்ணீர் அன்று. கண்ணுக்கு உள்ளேயே சுரந்து, உள்ளேயே வடிந்து போகும் நீர். கதிராளியும் விழிவெண்படலமும் சந்திக்கும் மூலையில் அதற்கு மிக நுண்ணிய வடிகால் இருக்கிறது. சுரப்பதும் வடிவதும் ஒத்துப்போனால் கண்ணின் அழுத்தம் அளவாக இருக்கும். வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். கொழும்பில் மழைக்காலத்துக் கான்களைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறத்தில் உள்ள பார்வை நரம்பைத் தாக்குகிறது. இதையே குளோக்கோமா என்றும் கண் அழுத்த நோய் என்றும் சொல்கிறோம்.

இந்த நோய்க்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று திடீரென்று வருவது. கண் சிவந்து, தாங்க முடியாத தலையிடியும் வாந்தியுமாக ஆளை வீழ்த்திவிடும். பனடோல் போட்டுக்கொண்டு படுத்தால் காலம் கடந்துவிடும். உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நிலை அது. மற்றையது நோவும் இல்லாமல், சிவப்பும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. முதலில் பார்வையின் ஓரங்கள் தேய்கின்றன. நடுப்பார்வை நன்றாக இருப்பதால் பத்திரிகை வாசிக்கலாம், ஊசியில் நூல் கோர்க்கலாம். எல்லாம் சரி என்றே மனிதர் நினைத்திருப்பார். கதவு நிலையில் தோள் முட்டும்போதோ, பக்கவாட்டில் வந்த முச்சக்கர வண்டியைக் காணாமல் திடுக்கிடும்போதோதான் சந்தேகம் பிறக்கும். அதற்குள் நரம்பின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். போனது திரும்பி வராது.

ஆகவே கண்ணின் கடினத்தை முன்கூட்டியே அறிய வேண்டும். எப்படி அறிவது? முதலில் விரல்தான் கருவி. நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மூடிய மேலிமையின் மேல் இரு சுட்டுவிரல்களையும் வைத்து, மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். கிளாஸ்கோ நகரின் வில்லியம் மக்கென்சி 1830 இல் எழுதிய பாடநூலில் இந்த நோயில் கண் இறுகுவதை வலியுறுத்தினார். இலண்டனில் வில்லியம் போமன் 1862 இல் விரல் உணர்வைப் படிப்படியாக வகுத்து, எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும் முறை ஒன்றைச் சொன்னார். ஆனால் ஒருவர் விரலுக்கு இறுக்கமாகப்பட்டது இன்னொருவர் விரலுக்கு அப்படிப்படுவதில்லை.

ஜேர்மனியில் அல்பிரெக்ட் வொன் கிறாஃபே 1857 இல், கதிராளியின் ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பதன் மூலம் திடீர்க் குளோக்கோமாவைத் தணிக்கலாம் என்று அறிவித்தார். அதுவரை கைவிடப்பட்ட நோய் அது. அவரும் வேறு சிலரும் 1860களில் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைச் செய்து பார்த்தார்கள். அவை சரிவரவில்லை. அளக்கச் சிறந்த இடம் கண்ணின் முன்னால் உள்ள கண்ணாடி போன்ற விழிவெண்படலம். தோலைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக உணர்வு நரம்பு முனைகள் மொய்த்திருக்கும் இடமும் அதுவே. அங்கே ஒரு பஞ்சு நுனி பட்டாலும் இமை அடித்துச் சாத்திக்கொள்ளும். எந்த மனிதனுடைய கண் அங்கே ஓர் இரும்பை வைக்க விடும்?

இக்காலத்தில் எமது மண்ணில் என்ன நடந்தது என்பதையும் ஒரு கணம் பார்ப்போம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியப் பணி செய்து, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் அங்கே ஒன்றாகப் பணியாற்றிய ஆண்டுகளில், கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து உலகில் எங்குமே வழக்கத்தில் இருக்கவில்லை. கிறீன் தமது தாய்நாட்டில் 1884 மே மாதம் காலமானார். அதே ஆண்டு செப்டெம்பரில் அந்த மருந்து வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் வியன்னா நகரில் பணியாற்றிய இருபத்தாறு வயது இளம் வைத்தியர் கார்ல் கொல்லர். பின்னாளில் உளப்பகுப்பாய்வினால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்ட் அப்போது அவருடைய நண்பர். பிராய்ட் கொக்கெயினின் உடல்சார்ந்த விளைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது நாக்கை மரக்கச் செய்கிறது என்றால் கண்ணையும் மரக்கச் செய்யுமல்லவா என்று கொல்லருக்குத் தோன்றியது. முதலில் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு முயல், நாய். கடைசியில் தமது கண்ணிலேயே விட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி ஊசியின் தலையால் விழியைத் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை! 1884 செப்டெம்பர் 15 ஆம் திகதி ஹைடெல்பேர்க்கில் கூடிய கண் வைத்தியர் மாநாட்டில் இந்தச் செய்தி அறிவிக்கப்பட்டது. அங்கே போகப் பயணக் காசு இல்லாததால் கொல்லர் வியன்னாவிலேயே இருந்தார். அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். கண் வைத்தியத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரித்த ஒரு கண்டுபிடிப்பு இவ்வாறு இரவல் குரலில் உலகுக்கு வந்தது.

அதன் பின்னர் கதவு திறந்துகொண்டது. அடுத்த ஆண்டே, 1885 இல், மொஸ்கோவில் மக்லகோவ் என்பவர் சாயம் பூசிய ஒரு சிறு எடையை விழியின் மேல் நிறுத்தி, சாயம் அழிந்த வட்டத்தின் அளவைக் கொண்டு அழுத்தத்தைக் கணித்தார். 1905 இல் நோர்வேயின் ஹ்யால்மார் ஷியோட்ஸ் செய்த கருவி அரை நூற்றாண்டுக்கு மேல் உலகை ஆண்டது. நோயாளி மல்லாந்து படுத்து முகட்டைப் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்ட கண்ணின் மேல், சிறிய உலோகக் கருவியை நேராக நிறுத்துவார்கள். அதன் நடுவிலுள்ள ஊசித்தண்டு விழியை எவ்வளவு அமிழ்த்துகிறது என்பதை முள் காட்டும். மருந்து நோவை எடுத்துவிட்டது. தன் கண்ணை நோக்கி ஓர் இரும்பு இறங்கி வருவதைப் பார்க்கும் பயத்தை எந்த மருந்து எடுக்கும்?

அந்தத் தசாப்தத்திலேதான் கொழும்பில், விக்டோரியா மகாராணியின் நினைவாக, கட்டடக் கலைஞர் எட்வேர்ட் ஸ்கின்னரின் வடிவமைப்பில் கண் வைத்தியசாலை எழுந்தது. லிப்டன் சுற்றுவட்டத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பாக்குநீரிணைக்கு அப்பால், 1819 இல் தொடங்கப்பட்ட சென்னை கண் வைத்தியசாலைக்கு அப்போது தலைமை தாங்கியவர் றொபர்ட் ஹென்றி எலியட். 1909 இல் அவர், விழிவெண்படலத்தின் ஓரத்தில் நுண்ணிய வட்டத் துளை ஒன்றிட்டு நீரை வடியவிடும் சத்திரசிகிச்சையை வெளியிட்டார். பல தசாப்தங்கள் உலகெங்கும் அவர் பெயராலேயே அது வழங்கியது. அழுத்தத்தை அளக்கக் கருவி ஒரு நாட்டிலும், அதைக் குறைக்கும் வழி சென்னையிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்திருக்கின்றன.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரைச் சேர்ந்த ஹான்ஸ் கோல்ட்மன் 1950களின் நடுப்பகுதியில் இன்னொரு படி முன்னேறினார். விழியை அமிழ்த்தத் தேவையில்லை, 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு வட்டம் தட்டையாகும் அளவுக்கு மெல்லத் தொட்டால் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். மஞ்சள் சாயச் சொட்டு, நீல வெளிச்சம், வைத்தியரின் பார்வையில் இரு பச்சை அரைவட்டங்கள். இன்றைக்கும் கண் வைத்திய நிபுணர்கள் மற்றக் கருவிகளை உரைத்துப் பார்க்கும் உரைகல் இதுவே. கதிரையில் இருந்தபடியே அளக்கலாம். ஆனாலும் மரக்கும் மருந்து வேண்டும். ஒரு கண்ணாடி முனை விழியைத் தொடத்தான் வேண்டும்.

இனித்தான் நம்முடைய காற்று வருகிறது. அமெரிக்காவில் அக்காலத்தில், கண்ணாடிக்கு அளவு பார்ப்போர் சொட்டு மருந்து பாவிக்கச் சட்டம் பெரும்பாலும் இடங்கொடுக்கவில்லை. கண்ணாடிக்காக அவர்களிடம் வருகிறவர்களோ ஏராளம். மருந்தும் இல்லாமல், தொடவும் செய்யாமல் அழுத்தத்தை அளக்க முடியுமானால், அந்த நோய் எத்தனை பேரிடம் முன்கூட்டியே பிடிபடும்! அமெரிக்கன் ஒப்டிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த பேர்னாட் குரோல்மன் இதற்கு விடை கண்டு 1972 இல் வெளியிட்டார். தொடுவதற்குக் கண்ணாடி முனை வேண்டாம். காற்றே தொடட்டும் என்பது அவருடைய யோசனை. அளவான காற்று விழியை ஒரு கணம் தட்டையாக்கும். அப்போது விழியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கருவியின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கண் இறுகியிருந்தால் தட்டையாக அதிக காற்று வேண்டும். அதைக் கொண்டு கணக்குப் பார்த்துவிடலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காற்று விழியில் பட்டு, அளவு எடுத்து முடிவதற்கு ஒரு விநாடியின் நூற்றில் ஓரிரு பங்குதான் செல்லும். நமது இமை திடுக்கிட்டு மூடுவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்திலொரு பங்காவது வேண்டும். ஆக, நாம் துள்ளி விழும் நேரத்தில் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டிருக்கிறது. "நான் கண்ணை மூடிவிட்டேனே, பிழையாகிவிடுமோ" என்று கவலைப்பட வேண்டியதில்லை. காற்று படுவதற்கு முன்பே மூடினால்தான் திரும்பச் செய்ய வேண்டிவரும். மூடிய இமையைக் குறை சொல்வதற்கும் இல்லை. எதிர்பாராமல் வரும் எதையும் கண்ணுக்குள் விடாதே என்று ஆதிகாலம் தொட்டுக் காத்துவரும் காவலாளி அது. தன் கடமையை அது செய்கிறது, அவ்வளவுதான்.

இந்த எண் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை அழுத்தம் இருக்கலாம் என்பார்கள். ஜப்பானின் தஜிமி நகரில் நடந்து 2004 இல் வெளியான ஆய்வு ஒன்றில், அங்கே பரவலான வகைக் குளோக்கோமா கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு அழுத்தம் 21 ஐத் தாண்டவில்லை. விழிவெண்படலம் தடித்தவருக்கு எண் கூடியும் மெலிந்தவருக்குக் குறைந்தும் காட்டும். ஆகவேதான் வைத்தியர் பார்வை நரம்பையும் நேரில் பார்க்கிறார். ஓரப் பார்வையைச் சோதிக்கிறார். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு நம்மைச் சில மணி நேரம் வெயிலில் கூச வைக்கிறார். காற்று இந்தச் சோதனைகளுக்கு முன்னால் தட்டப்படும் கதவு.

காற்றைத் தாங்கவே முடியாதவர்கள் அதற்காக வராமல் நின்றுவிடத் தேவையில்லை. "எனக்கு இது பயம்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். காற்றை ஒரு தரம் கையில் அடித்துக் காட்டும்படி கேட்கலாம். சொட்டு மருந்து விட்டுக் கோல்ட்மன் முறையில் பார்க்கச் சொல்லலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பின்லாந்திலிருந்து வந்த இன்னொரு கருவி, மிகச் சிறிய குமிழ் ஒன்றை விழியில் பட்டும் படாமலும் மோதவிட்டு அளக்கிறது. அதற்கு மரக்கும் மருந்தும் வேண்டாம், காற்றும் வேண்டாம். வழிகள் பல இருக்கின்றன. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், தாய் தந்தையருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்த நோய் உள்ளவர்களும் ஏதாவது ஒரு வழியால் போய்ச் சேர வேண்டும் என்பதே முக்கியம்.

கடைசியாக ஒன்று. கண்ணைக் கொடுப்பதில் இலங்கை உலகறிந்த நாடு. 1958 இல் ஹட்சன் சில்வா ஒரு பத்திரிகைக் கட்டுரை மூலம் தொடங்கிய முயற்சி, 1961 இல் கண்தானச் சங்கமாக உருவெடுத்தது. 1964 இல் இங்கிருந்து முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன் பின் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் இந்தத் தீவின் விழிகளால் உலகைப் பார்க்கிறார்கள். ஆனால் அவ்வாறு தானமாகக் கொடுத்து ஒருவருக்குப் பொருத்தக்கூடியது விழிவெண்படலம் மட்டுமே. குளோக்கோமாவினால் செத்துப்போன பார்வை நரம்புக்கு மாற்று நரம்பு எந்த வைத்தியசாலையிலும் இல்லை. கண்ணப்பரே வந்து கொடுத்தாலும் அதைப் பொருத்த வழி இல்லை.

கண்மலர் சாத்துகிறவர்கள் சாத்தட்டும். கொட்டாஞ்சேனையில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் ஏற்றட்டும். அந்த வழியாக வீடு திரும்பும்போது கண் சோதனைக்கும் ஒரு திகதி எடுத்துக்கொண்டு போனால் நல்லது.